அரசமரத்தடிப் பிள்ளையார்களும் ஒரு நீலக் கப்பும்

இன்று காலை மணிமுத்தாற்றங்கரை அரசமரத்தடியில் ஒரு பிள்ளையாரைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன்.

சத்தம் எதுவும் வரவில்லை. கண்ணாடி உடைந்த சாமிப் படம் ஒன்றை மரத்தடியில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிள்ளையாரை இருந்த இடத்திலேயே உட்கார வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நடையைக் கட்டினேன். போகி வந்தால் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்துக்கொள்கிறது. நீ இருந்திருந்தால், "ஆட்டுறதுதான் ஆட்டுற, யாரும் இல்லாதப்ப ஆட்டேண்டி" என்று சொல்லியிருப்பாய். நீ இல்லாமல் வந்த இரண்டாவது போகி இது.

நம் ஊர்ப் போகி உனக்குத் தெரியாததில்லை. எரிக்கிறதை விடிவதற்குள் எரித்துவிடுவோம். எரிக்கக்கூடாத சாமி சாமான்களைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிடுவோம். வேறு ஊராக இருந்தால் நாலு படம், இரண்டு பொம்மை சேரும். செராமிக் ஊரில் அப்படியா? கம்பெனியில் வேலை செய்கிற எல்லார் வீட்டிலும் செகண்ட்ஸ் பொம்மை இருக்கும். முனை உடைந்தது, மெருகு வழிந்தது, சூளையில் கோணிக்கொண்டது என்று விற்க முடியாததை எல்லாம் நாம்தானே வீட்டுக்குத் தூக்கி வருகிறோம். மூளியான சாமியை வீட்டில் வைக்கக்கூடாது என்று வருஷம் முழுக்கத் தோன்றாதவர்களுக்குப் போகியன்று தோன்றிவிடும். இன்றைக்கும் மரத்தடியில் பிள்ளையார் கூட்டம்தான். பாதிக்கு மேல் நம் அச்சில் வார்த்தவை.

அந்த அச்சில் நீ வார்ப்பாய், நான் துடைப்பேன். நீ களிமண் கூழை அச்சில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் மிச்சத்தை வடித்து, அச்சைப் பிரித்து, உள்ளே வெறுமையாக இருக்கும் ஈரப் பொம்மையை என் மேஜைக்குத் தள்ளுவாய். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் விழுந்திருக்கும் கோட்டை நான் ஈரப் பஞ்சால் துடைத்து எடுப்பேன். என் வீட்டுக்காரர் இறந்து, கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரிய மகளோடு அம்மா வீட்டுக்கு வந்து, நான் இந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நீ என்னிடம் கேட்டாய். "என்னாடி, பொம்மையத் துடைக்கிறியா, தாலாட்டுறியா?" அன்று முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் மத்தியானம் உன் டிபன் சோற்றைப் பங்கு போட்டுத் தின்றேன்.

என் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் தங்கி வேலை பார்த்தவர். இருமலும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்தார். அவரைப் பார்த்த டாக்டர், அவருக்கு எச்ஐவி இருக்கிறது, நானும் குழந்தையும் டெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் தெளிவாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதோடு சரி. அவர் போன பிறகும் போகவில்லை. தெரியாமல் இருக்கிறவரை எனக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் அந்தக் கணக்கு உதைக்கும்.

கண்டுபிடித்தது நீதான். வாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புண். உன் காரக் குழம்பைத் தொடமுடியாமல் மோர் சோறாகவே தின்றுகொண்டிருந்தேன். ஒருநாள் சூளைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "வாயத் தொற" என்றாய். பார்த்தாய். பிறகு நான் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் அங்கேயே நின்று சொன்னேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்றேன். நீ தொட்ட கையை எடுக்கவே இல்லை. அதை நான் அப்போதே கவனித்தேன்.

"பயமா இருக்குதுடி" என்றேன்.

"இருக்கத்தான் செய்யும். சூளையிலேர்ந்து வந்த கப்ப சுண்டிப் பாக்காம அடுக்கிட்டா, விரிசல் இல்லன்னு ஆயிடுமா? நாளைக்கி லீவு சொல்லு."

அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் என்று எழுதியிருந்த அறை வாசலில் நான் கால் பின்னிக்கொண்டு நின்றேன். நீ என்னைத் தாண்டி உள்ளே போய், "எனக்கும் டெஸ்ட் எடுக்கணும், மொதல்ல எனக்கு எடுங்க, இவ ஊசியப் பாத்தா மயக்கம் போட்டுருவா" என்றாய். நான் ஊசிக்கு ஒருநாளும் மயங்கியதில்லை. அங்கே ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் மேடம் சிரித்துவிட்டார். ஆனால் விளையாட்டாக எடுக்கவில்லை. நம் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, எதற்கு டெஸ்ட், முடிவு எப்படி வந்தாலும் என்ன செய்யலாம் என்று பேசி, சம்மதம் கேட்டுவிட்டுத்தான் ரத்தம் எடுத்தார்கள். முடிவையும் தனித்தனியாகவே சொன்னார்கள்.

எனக்கு இருந்தது. உனக்கு இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் சொன்னதும் நீ அழுதாய். இல்லை என்று வந்ததற்கு எவளாவது அழுவாளா என்று உன்னைத் திட்டினேன். திட்டிக்கொண்டே நானும் அழுதேன். அடுத்த வாரம் மகளையும் தூக்கிக்கொண்டு போனோம். அந்தக் காலை முழுக்க நீ ஒரு வார்த்தை விளையாட்டாகப் பேசவில்லை. அவளுக்கு இல்லை என்று சொன்னதும், ஆஸ்பத்திரி வாசலில் விற்ற வெள்ளரிக்காய் அத்தனையையும் வாங்கிவிட்டாய். இரண்டு நாள் வெள்ளரிக்காய்தான் தின்றோம்.

கூட்டு மருந்து தொடங்கினார்கள். படுக்கப் போகும்போது ஒரு மாத்திரை. ஒருநாளும் விடக்கூடாது, விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று மேடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆரம்பத்தில் தலை சுற்றும், கனவு கனவாக வரும். அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. பாட்டிலை எங்கே வைப்பது என்பதுதான் பெரிதாக இருந்தது. ஒற்றை அறை வீடு. அம்மா கை படாத மூலை கிடையாது. யார் வந்தாலும் கண்ணில் படும். "அம்மாகிட்ட சொல்லிடேன்" என்று நீ கேட்டாய். முடியாது என்றேன். தெரிந்தால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துப் படுக்க வைத்துவிடுவார் என்று பயந்தேன். நீ அதற்குமேல் வற்புறுத்தவில்லை. யாரிடம் எப்போது சொல்வது என்பது என் பாடு என்று மேடம் சொன்னதை நீயும் கேட்டிருந்தாய் அல்லவா.

அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தாய். ஒரு சாண் உயரப் பிள்ளையார் ஒன்று சுடாத பச்சை மண்ணாக இருக்கும்போதே அதன் அடியில் வாயை அகலமாக வெட்டிவிட்டாய். காய வைக்கும்போது காது விளிம்பு பெயர்ந்துவிட்டது. பெயர்ந்ததா, நீயே பெயர்த்தாயா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். செகண்ட்ஸ் என்று சூப்பர்வைசர் தள்ளிவிட, சுட்டதும் எடுத்து வந்தாய். பாட்டில் கச்சிதமாக உள்ளே போனது. அடியைத் துணியால் அடைத்தாய். "சாமிய யாரும் கவுத்துப் பாக்கமாட்டாங்க. தெனமும் கும்புடுற சாக்குல எடுத்துப் போட்டுக்க" என்றாய். உன் மூளையை நீயே மெச்சிக்கொண்டாய். நானும் மெச்சினேன். போகி என்று ஒன்று வரும் என்பது இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை.

அந்தப் போகியன்று நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறேன், சாமி அலமாரியில் பிள்ளையார் இல்லை. அம்மா வாசல் மெழுகிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார். "காது ஒடஞ்ச சாமிய வூட்ல வச்சிருக்கியேடி. மஞ்சக் குங்குமம் வச்சி அரசமரத்தடியில வுட்டுட்டு வந்துட்டேன்."

குடத்தை இறக்கிவிட்டு உன் வீட்டுக்கு ஓடினேன். பொங்கல் லீவு தொடங்கிவிட்டது. புது பாட்டில் வாங்க நாலைந்து நாள் ஆகும். மருந்து விட்டுப்போகும். அதைவிடப் பெரிய பயம், யாராவது அந்தப் பிள்ளையாரை ஆசைப்பட்டு எடுத்துப்போய், துணியைப் பிடுங்கி, பாட்டிலைப் படித்து, இது யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால்? நீ பல் விளக்கிக்கொண்டிருந்தாய். அப்படியே வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிளம்பினாய்.

மரத்தடியைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. எல்லாம் ஒரே பிள்ளையார். எல்லாம் நீ வார்த்து நான் துடைத்த பிள்ளையார். காது உடைந்ததே ஏகப்பட்டது. நெற்றியில் மஞ்சள் குங்குமம் இல்லாத பிள்ளையார் ஒன்றும் இல்லை. நீ தரையில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துக் காதில் வைத்து ஆட்டினாய். "சாமியக் கவுக்காத, பாட்டிலு சத்தம் போடும்டி. நீ அந்தப் பக்கத்திலேர்ந்து வா." எல்லாரும் சாமி காதில் குறை சொல்வார்கள். நாம் சாமியிடம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "வேண்டுதலுங்க" என்று முகம் மாறாமல் சொன்னாய். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் அம்மா வந்தார். நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"என்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்? சாமியப் போட்டு அப்பிடி உலுக்கலாமா?"

நீ எழுந்து நின்றாய். பொய் சொல்வதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. நீ ஏதாவது சொல்வாய் என்று உன் முகத்தையே பார்த்தேன். என் பக்கம் திரும்பி நின்றுகொண்டாய், அவ்வளவுதான்.

"அந்தப் புள்ளையாருக்குள்ள என் மாத்திரை இருக்குதும்மா" என்றேன்.

"என்ன மாத்திரை?"

"எச்ஐவிக்கு."

அம்மா மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கையைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ளைக்கி வந்தது அதானா?"

"ஆமாம்மா."

"கொழந்தைக்கி?"

"டெஸ்ட் எடுத்தாச்சு. அவளுக்கு இல்ல."

அம்மா கண்ணை மூடித் திறந்தார். "உனக்கு என்னா ஆவும்?"

"மாத்திரைய வுடாம போட்டா ஒண்ணும் ஆவாது. எல்லாரையும் போல இருக்கலாம்னு சொல்றாங்க."

"வுடாம போடறியா?"

"அதத்தாம்மா தேடிக்கிட்டு இருக்கறோம்."

அம்மா எழுந்து புடவையை உதறினார். கூட்டத்துப் பக்கம் போகவே இல்லை. நேராக மரத்துக்குப் பின்னால் போய், இரண்டு வேருக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையாரை எடுத்து வந்தார். "கும்பலோட வைக்க மனசு வரல. நீ தெனமும் கும்புட்ட சாமியாச்சே" என்றார். பிறகு சாமியை உலுக்கக்கூடாது என்று நம்மிடம் சொன்ன அதே அம்மா, அதைத் தன் காதருகே வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். பாட்டில் கலகலத்தது. நீ தலையில் அடித்துக்கொண்டாய். "மொதல்லயே அம்மாவக் கேட்டிருந்தா இம்மாம் புள்ளையார உலுக்கியிருக்க வேணாம்டி."

பாட்டிலை எடுத்துக்கொண்டு பிள்ளையாரை அங்கேயே வைத்துவிட்டார். மூளியான சாமி திரும்ப வீட்டுக்கு வரக்கூடாது என்பதில் மாற்றமில்லை. பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு வந்து, அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். "உப்பு எடுக்கறப்பல்லாம் கண்ணுல படும். மறக்கமாட்ட." அன்றிலிருந்து என் பாட்டில் அங்கேதான் நிற்கிறது.

அதோடு எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று எழுதினால் நீ சிரிப்பாய். பொங்கல் முடிந்த மறுநாள் எனக்கு மட்டும் நீலக் கப்பில் டீ வந்தது. மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். மெருகு ஒழுகிப்போன அந்தச் செகண்ட்ஸ் கப்பை அம்மா தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்தார். என் தட்டும் தனியாகப் போனது. அம்மாவை எனக்குக் கோபித்துக்கொள்ளத் தெரியவில்லை. அவர் குழந்தையை என்னிடமிருந்து பிரிக்கவில்லையே, இது போதும் என்று சமாதானம் செய்துகொண்டேன். இரவில் அந்தக் கப்பைக் கண்ணில் படாமல் தள்ளி வைத்துவிட்டுப் படுப்பேன்.

நீ அந்த வாரமே வந்தாய். வாசலில் செருப்பை விடும்போதே உன் கண்ணில் பட்டுவிட்டது. நான் பாதி குடித்து வைத்திருந்த கப்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அம்மாவிடம் நீட்டினாய்.

"யம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

"அது அவ கப்பும்மா" என்று அம்மா பதறினார். "டம்ளர்ல தரேன்."

"வேணாம்மா. இதுலதான் டீ சூடா இருக்குது."

அம்மா உன்னையே பார்த்தார். உனக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள், உனக்கும் வீடு இருக்கிறது, நீ குடிக்கிறாய். ஊற்றினார். அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது தானும் வருகிறேன் என்று கிளம்பினார். மேடத்திடம் கேட்ட கேள்விகளை நீ இருந்து கேட்டிருக்க வேண்டும். ஒரே தட்டில் தின்னலாமா? ஒரே சோப்பு போடலாமா? இவளைக் கடித்த கொசு பிள்ளையைக் கடித்தால்? பேத்திக்கு இவள் முத்தம் கொடுக்கலாமா? அதனால் எல்லாம் வராதும்மா, ரத்தத்தாலும் உடலுறவாலும் தாய் மூலமாகக் குழந்தைக்கும்தான் வரும் என்று மேடம் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகச் சொன்னார்கள். வீடு திரும்பியதும் அம்மா என் தட்டை எல்லாத் தட்டுகளோடும் சேர்த்துக் கழுவினார். நீலக் கப்பு உன் கப்பு ஆகிவிட்டது. வேறு யார் எடுத்தாலும் நீ சண்டைக்கு வருவாய்.

நான் தேறினேன். புண் ஆறியது, எடை கூடியது, "என்னவிட நீதான் குண்டாயிட்ட, அந்த மாத்திரையில எனக்கும் ரெண்டு குடு" என்று நீ கேலி செய்கிற அளவுக்கு. பிறகு வந்த மாத்திரைகளில் அந்தக் கிறுகிறுப்பும் கனவும்கூட இல்லை. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று மேடம் சொன்ன அன்று நீதான் வெள்ளரிக்காய் வாங்கினாய். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "மாத்திரை போட்டியா?" என்று என்னைக் கேட்கிற வேலையை அம்மாவிடமிருந்து அவள் எடுத்துக்கொண்டாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. சொல்லிவிடுகிறேன். என்னை இழுத்துக்கொண்டுபோய் ஊசிக்குக் கை நீட்ட வைத்தவளே, உன் பிரஷரை ஒருநாள் பார்த்தாயா? பின்மண்டை வலிக்கிறது என்பாய், தைலம் தேய்த்துக்கொள்வாய். "ஒன்னாட்டம் எனக்கு என்னா வந்துச்சு" என்று சிரிப்பாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். வார்ப்பு மேஜையில் அச்சைப் பிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாய், பிறகு எழுந்திருக்கவே இல்லை. எச்ஐவி இருக்கிற நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கு எதுவும் இல்லை என்று நாம் இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்கவில்லை. கம்பெனிப் பெண்களை ஒருத்தி விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுக்கிறேன். பிரஷர், சர்க்கரை, எச்ஐவி, எது தேவையோ அது. யாராவது வாசலில் கால் பின்னிக்கொண்டு நின்றால், உள்ளே போய், "மொதல்ல எனக்குப் பிரஷர் பாருங்க" என்று கையை நீட்டுவேன். அங்கே இருக்கிற நர்ஸுக்கு என் பிரஷர் மனப்பாடம்.

உன் மேஜையில் இப்போது ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து இங்கே கட்டிக்கொடுத்த பெண். முழுகாமல் இருக்கிறாள். கர்ப்பிணிகளுக்கு எல்லாம் எடுக்கிற டெஸ்டில் அவளுக்கு எச்ஐவி என்று வந்தது. வீட்டுக்காரனுக்கும் இருக்கிறது, இருவரும் மாத்திரையில் இருக்கிறார்கள்; அவன் தன் பாட்டிலை வேலை செய்கிற இடத்தில் வைத்துக்கொள்கிறான். ஒழுங்காக மாத்திரை போட்டால் குழந்தைக்கு வராமல் பார்த்துக்கொள்ள முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். நேற்று வேலை முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பைக்குள் பாட்டில்.

"அக்கா, நாளைக்கி போகி. எங்க மாமியாரு வூட்டையே கவுத்துப் போட்டுக் கூட்டுவாங்க. இத எங்கக்கா ஒளிச்சு வைக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மிரண்டுவிட்டாள். நான் அவளுக்குப் பிள்ளையார் கதையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் அம்மாவுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள். நேற்றைய மாத்திரையை எங்கள் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனாள். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு பாட்டில் நிற்கிறது.

இன்று சாயங்காலம் மாத்திரை போட வந்தாள். அம்மா இப்போது மெதுவாகத்தான் நடக்கிறார். டீ போட்டார். அலமாரியின் மேல் தட்டில் நீ போனதிலிருந்து கவிழ்த்தபடியே இருந்த நீலக் கப்பை எட்டி எடுத்தார். கழுவினார். அதில் ஊற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"ஒங்க மாமியாகிட்ட எப்ப சொல்லணும்னு தோணுதோ, அப்ப சொல்லு" என்றார் அம்மா. "தனியா சொல்லப் பயமா இருந்தா கூப்புடு, நான் வரேன். எனக்கும் தெரியாமதான் இருந்துச்சு."

அவள் தலையாட்டிவிட்டு ஒரு வாய் குடித்தாள். உதட்டைச் சட்டென்று எடுத்தாள்.

"டீ ரொம்ப சூடா இருக்குதும்மா."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அந்தக் கப்புல அப்பிடித்தான் இருக்கும். பைய குடி."